எண்பத்தெட்டாவது குப்பி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பெரியவளைச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மேஜைமேல் ஒரு விண்ணப்பம், எதிரே பேனாவும் கையுமாகப் புருஷன். இந்த வாரமும் அவள் அங்கேதான் இருக்கிறாள். நடுவில் ஒரு பொழுது விடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரியவள் பதினெட்டு வருஷம் பாட்டில் தொழிற்சாலையில் விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். காலி பாட்டில்கள் வரிசையாக ஓடி வரும். விரிசல், குமிழி, வாய்க் கோணல், எது கண்ணில் பட்டாலும் எடுத்து ஒதுக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு கேமராவை மாட்டினார்கள். வேலை போன ஐந்து பெண்களுக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். இனிமேல் மணி பார்க்கத் தேவையே இல்லாதவர்களுக்குக் கடிகாரம் பரிசளித்த அந்த நிர்வாகத்தின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவள் அழுதிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அழவில்லை. சாப்பிட்டாள், துணி மடித்தாள், தூங்கினாள். கால் மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி முதல் சில நாட்கள் தன்னையே கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிள்ளுவதையும் விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஆறு வயது இளையவள் சின்னவள். ஊசி மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையில், குப்பிகளைக் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்யும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அங்கே ஒரு இடம் காலியாக இருந்தது. அக்காவைச் சோதனைக்குக் கூப்பிடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லி, நாள் வாங்கித் தந்தவள் அவள்தான். அந்த நாள் இன்றுதான்.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 'இந்த வேலைக்கு உதவக்கூடிய உங்கள் குணங்கள் மூன்றைக் குறிப்பிடவும்.' கீழே மூன்று கோடுகள். முதல் கோட்டில் புருஷன் நேற்றே 'பொறுமை' என்று எழுதியிருந்தான். இருபது வருஷம் என்னோடு குப்பை கொட்டியவளுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா என்று கேட்டான். இரண்டாவது கோட்டில் 'நேரம் தவறாமை'. அதற்குத்தான் சுவரில் கடிகாரமே சாட்சியாக இருக்கிறதே. மூன்றாவது கோடு காலியாகக் கிடந்தது.

"குத்தம் கண்டுபிடிக்கிறதுன்னு எழுதட்டுமா?" என்றான்.

அவள் சிரித்தாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

அவன் பேனாவை மூடினான். லிஃப்ட் மெக்கானிக் அவன். வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் மெக்கானிக்தான். பேச்சில் வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு என்றாலும் மனசு தங்கம். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போன லிஃப்ட் எத்தனையோ பாத்திருக்கேன்" என்றான். "உள்ள லைட் எரியும். ஃபேன் ஓடும். கதவு மட்டும் திறக்காது. நீ அப்படித்தான் இருக்க."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தட்டிக்கிட்டே இருப்பேன். வெளிய ஆள் இருக்குன்னு உள்ள தெரியணும்ல."

அவள் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். மூன்றாவது கோட்டை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

தொழிற்சாலை வாசலில் சின்னவள் காத்திருந்தாள். வெள்ளை அங்கி, தலைமுடி முழுவதையும் மூடிய தொப்பி, கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டை. அந்த அட்டையைக் கதவோரத்துப் பெட்டியில் காட்டினால்தான் கதவு திறக்கும். அது இல்லாமல் ஈ காக்கை உள்ளே போக முடியாது. குளிக்கும்போது மட்டும்தான் இதைக் கழற்றுவேன் என்று சின்னவள் வீட்டில் பெருமையடித்துக்கொள்வாள்.

"வாங்க" என்றாள் சின்னவள்.

பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்டவள் 'வாங்க' என்றால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். பெரியவளுக்கு அதுவும் இல்லை. வேலையிடத்தில் அக்கா தங்கை கிடையாது என்று தங்கை ஃபோனிலேயே சொல்லியிருந்தாள், சரி என்று நினைத்துக்கொண்டு பெரியவள் பின்னால் நடந்தாள்.

சின்னவளுக்கு அந்த இடத்தில் நல்ல பெயர். எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை விசாரித்தாள், இன்னொருவர் மனசு கோணாமல் நடந்துகொள்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. நாலே வருஷத்தில் மேற்பார்வையாளர் ஆனது சும்மா இல்லை. சின்னவளின் விண்ணப்பத்தில் 'எல்லோருடனும் ஒத்துப்போவேன்' என்று முதல் கோட்டிலேயே இருந்திருக்கும் என்று பெரியவள் நினைத்தாள்.

சோதனை அறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு. விளக்குக்குக் கீழே பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் ஒரு பலகை நின்றது. மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய நூற்றைம்பது குப்பிகள் ஒரு பெட்டியில் இருந்தன, வரிசை எண்ணை ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டி மறைத்திருந்தார்கள். அவற்றில் பன்னிரண்டு குறையுள்ளவை. எவை என்பது சின்னவளிடம் இருந்த தாளில் மட்டுமே உண்டு. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து அடுக்கி, நாலு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். இங்கே வேலைக்கு வந்த நாற்பது பேரும் இந்தப் பெட்டியில் தேறி வந்தவர்கள்தான்.

ஒரு குப்பிக்கு ஐந்து விநாடி. குறையுள்ளதை இடதுபக்கச் சிவப்புத் தட்டில் வைக்க வேண்டும், நல்லதை வலதுபக்க நீலத்தட்டில். ஒரு சுற்று முடிந்ததும் குப்பிகளைக் கலைத்துப் போட்டு மறுபடி. மொத்தம் மூன்று சுற்று.

பெரியவள் முதல் குப்பியை எடுத்தாள். இங்கே எல்லோரும் குப்பியை நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் சுழற்றுவார்கள் என்று சின்னவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெரியவளும் அப்படியே சுழற்றினாள். ஆனால் பதினெட்டு வருஷத்துக் கை சும்மா இருக்குமா? சுழற்றி முடிந்ததும் அது தானாகவே குப்பியைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு திருப்புத் திருப்பியது. பாட்டில் தொழிற்சாலையில் அப்படித்தான் பார்ப்பார்கள். நிமிர்ந்து நிற்கிற கண்ணாடி பொய் சொல்லும், சாய்த்தால் சொல்லாது என்று அங்கே பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

குப்பிகள் நகர்ந்தன. ஒன்றில் நூலிழை மிதந்தது. ஒன்றில் மூடி சரியாக இறுகவில்லை. ஒன்றில் கடுகை நாலாக உடைத்தாற்போல ஒரு கறுப்புத் துகள். கண் பார்த்தது, கை ஒதுக்கியது. நடுவில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் மூன்றாவது சுற்று முடிந்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நேரத்தில் அவள் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. வீட்டில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

*

தரப்பிரிவுத் தலைவி வந்து உட்கார்ந்தார். எதையும் பச்சை மையில்தான் எழுதுவார், அதனால் தொழிற்சாலை முழுக்க அவருக்குப் பச்சைப்பேனா என்றுதான் பெயர். அவருக்கும் அது தெரியும். சின்னவள் பக்கத்தில் நின்றாள்.

பன்னிரண்டையும் மூன்று சுற்றிலும் விடாமல் எடுத்திருக்கிறீர்கள், இந்தப் பெட்டியில் இப்படி ஒருவரும் எடுத்ததில்லை என்றார் பச்சைப்பேனா. நல்ல குப்பி ஒன்றை மட்டும் தவறு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள், எண்பத்தெட்டாம் எண். இரண்டு வரை மன்னிப்பு உண்டு, ஆகவே நீங்கள் தேறிவிட்டீர்கள், நாளைக்கே வரலாம் என்றார்.

பெரியவள் சரி என்றாள். சின்னவள் முகம் மலர்ந்தது.

பச்சைப்பேனா விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். "மூணாவது குணம் எழுதலையே?"

"தெரியல மேடம்."

"பரவால்ல, யோசிச்சு எழுதுங்க. இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அது ஒரு சின்னச் சீட்டு. இந்த இடத்து வழக்கம் அது. நல்ல குப்பியைத் தவறு என்று ஒதுக்கியவர்கள் அதில் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பை மூடுவார்கள். 'எண் ___ குப்பியை மீண்டும் பார்த்தேன். அது குறையற்றது என ஏற்கிறேன்.' இத்தனை வருஷமாக எல்லோரும் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

பெரியவள் சீட்டைப் படித்தாள். பிறகு அந்தக் குப்பியைக் கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் பச்சைப்பேனா.

"மீண்டும் பார்த்தேன்னு போட்டிருக்கே மேடம். இன்னும் பாக்கலையே."

அந்த மேஜையில் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே இல்லை. பச்சைப்பேனா சிரித்துக்கொண்டே குப்பியை எடுத்துக் கொடுத்தார். பெரியவள் விளக்கடியில் பிடித்தாள், சுழற்றினாள், சாய்த்தாள். குப்பியின் கழுத்துக்குக் கீழே, தோள் வளைகிற இடத்தில், மயிரிழை அகலத்துக்கு ஒரு விரிசல். சாய்க்கும்போது பளிச்சென்று ஒரு கோடு, நிமிர்த்தினால் காணோம். விரிசல் இருக்கு மேடம் என்று மட்டும் சொன்னாள், எந்த இடம் என்று சொல்லவில்லை.

பச்சைப்பேனா வாங்கி நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னவளிடம் கொடுத்தார். சின்னவள் வாங்கினாள், விளக்கடியில் ஒரு கணம் சாய்த்துப் பிடித்தாள்.

"நல்ல குப்பிதான் மேடம்" என்றாள்.

பெரியவளின் கண் குப்பியில் இல்லை. தங்கையின் கையில் இருந்தது.

பச்சைப்பேனா சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். விரிசல் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் நான் பெட்டிக்கு முத்திரை வைத்தாக வேண்டும். இதில் தேறிய நாற்பது பேரையும் விசாரித்தாக வேண்டும். பெட்டியே தப்பு என்றால் உங்கள் சோதனையும் செல்லாது, விசாரணை முடிகிற வரை வேலையும் கிடையாது. மிரட்டவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன் என்றார். நாளைக் காலை எட்டு மணிக்குள் கையெழுத்துப் போட்ட சீட்டோ, எழுதிய புகாரோ, ஏதாவது ஒன்று என் மேஜைக்கு வர வேண்டும் என்று முடித்தார்.

பெரியவள் விண்ணப்பத்தையும் சீட்டையும் பையில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை சின்னவள் கூடவே வந்தாள். அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டாள்.

*

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது மெக்கானிக் ஃபோன் செய்தான். என்ன ஆயிற்று என்று கேட்டான். தேறிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் அவன் யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது, என் பொண்டாட்டி தேறிட்டா என்று. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடமாகக்கூட இருக்கலாம். அவனுக்கு ஆள் கிடைத்தால் போதும்.

மீதியை அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்வதற்கு ஏதாவது தோன்ற வேண்டுமே, ஒன்றும் தோன்றவில்லை. வேலை கையில் இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட்டால் நாளை முதல் விளக்குக்கு முன்னால் உட்காரலாம். போடாவிட்டால் மறுபடி அந்த நாற்காலி, அந்தக் கடிகாரம். இது நன்றாகத் தெரிந்தது. ஆனால் வேறு யாருக்கோ நடப்பதுபோலத் தெரிந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சின்னவள் வந்துவிட்டாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அட்டைகூட அப்படியே இருந்தது. மெக்கானிக் டீ போட்டுக் கொடுத்தான். தேறியதற்குக் கொழுந்தியாவுக்குத்தான் முதல் நன்றி என்றான். இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, பால்கனிக் குழாய் நாலு நாளாக ஒழுகுகிறது என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தான். அந்தக் குழாய் ஒழுகவே இல்லை. ஆனாலும் போனான்.

சாப்பாட்டு மேஜைமேல் விண்ணப்பமும் சீட்டும் கிடந்தன. சின்னவள் டீயைத் தொடவில்லை.

"நீ தேடவே இல்லடி" என்றாள் பெரியவள். "குப்பியைக் கையில வாங்கினதும் நேரா அந்த இடத்தைத்தான் சாச்சுப் பாத்த. எங்க இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

சின்னவள் இல்லை என்று சொல்லவில்லை. 

மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அந்தப் பெட்டியை அடுக்கச் சொன்னார்களாம். பன்னிரண்டு குறை என்று தாள் அச்சாகி மேலதிகாரிகள் மூன்று பேர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மறுநாள் வெளியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். அன்று சாயங்காலம் கடைசியாக ஒருமுறை துடைத்து வைக்கும்போதுதான் எண்பத்தெட்டில் அந்தக் கோடு கண்ணில் பட்டது. போய்ச் சொன்னால் தாளை மாற்ற வேண்டும், மூன்று பேரிடம் மறுபடி கையெழுத்துக்கு நிற்க வேண்டும். வந்து மூன்று வாரம் ஆன பெண் எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்? ஒரு குப்பிதானே, தண்ணீர்தானே என்று வைத்துவிட்டாள்.

"உனக்கு முன்னாடி மூணு பேர் அதை எடுத்து ஒதுக்கினாங்க அக்கா" என்றாள்.

"அவங்க?"

"கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"உள்ளதான். என்கிட்டதான் வேலை பாக்கறாங்க."

பெரியவள் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணால் பார்த்த விரிசலை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போன மூன்று பேர். அன்றிலிருந்து அவர்கள் தங்கள் கண்ணை நம்பியிருக்க மாட்டார்கள். தினம் அவர்கள் கையைத் தாண்டி எத்தனை ஆயிரம் குப்பி போகும். அவற்றில் தண்ணீர் இருக்காது, யாருக்கோ போட வேண்டிய ஊசி மருந்து இருக்கும்.

சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிடு, நாளைக்கே நீ உள்ளே வந்துவிடலாம் என்றாள். அந்தக் குப்பியை நானே யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுகிறேன், அந்த மூன்று பேருக்கும் ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி பயிற்சி கொடுத்துவிடுகிறேன் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. யாருக்கும் மனசு நோகாத வழி.

"உனக்காகத்தானே இந்த எடத்தையே கேட்டு வாங்கினேன். எனக்காக ஒரு கையெழுத்துப் போடமாட்டியா?"

பெரியவள் பேனாவை எடுத்தாள். போடத்தான் எடுத்தாள். தங்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் மூளைக்குத் தெரியும். சீட்டில் எண்பத்தெட்டு என்று எழுதக்கூடச் செய்தாள். அதற்கு மேல் கை நகரவில்லை.

"உன்மேல எனக்குக் கோபம் வரணும், வரல" என்றாள். "உன்ன நெனச்சுப் பதறணும், அதுவும் வரல. எனக்கு ஒண்ணுமே வர்றதில்லடி இப்பல்லாம். ஆனா அந்தக் கோடு மட்டும் கண்ணுலயே நிக்குது. அதை இல்லன்னு எழுதக் கை வரல."

சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அழவில்லை.

பால்கனியிலிருந்து மெக்கானிக் கூப்பிட்டான். ஒழுகாத குழாயைக் கழற்றப் போய் இப்போது அது நிஜமாகவே ஒழுக ஆரம்பித்திருந்தது. ஒரு கை பிடி என்றான். பெரியவள் எழுந்து போய் இரண்டு நிமிஷம் குழாயை அழுத்திப் பிடித்தாள், அவன் முடுக்கினான். தொப்பலாக நனைந்து இரண்டு பேரும் உள்ளே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசற்கதவு சாத்தியிருந்தது. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

சீட்டு அப்படியே கிடந்தது, கையெழுத்து இல்லாமல். விண்ணப்பத்தைத்தான் யாரோ திருப்பி வைத்திருந்தார்கள். மூன்றாவது கோட்டில் எழுத்து இருந்தது. சின்னவளின் சாய்ந்த கையெழுத்து, பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்.

'பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லத் தெரியாதவள்.'

அதன்மேல் நீல நாடாவைச் சுற்றி, ஒழுங்காக மடித்து, அடையாள அட்டையை வைத்திருந்தாள்.

அவசரத்தில் விட்டுவிட்டுப் போனதாக இருக்காது. மறந்து வைத்த நாடா இவ்வளவு அழகாக மடிந்து கிடக்காது, அதுகூடவா பெரியவள் கண்ணுக்குத் தெரியாது. அவள் ஃபோனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள். இந்த முறை மணிகூட அடிக்கவில்லை, அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது.

பெரியவளின் உள்ளங்கை வேர்த்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் காதுக்கே கேட்டது.

"என்ன ஆச்சு?" என்றான் மெக்கானிக், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே.

"பயமா இருக்குங்க" என்றாள்.

அவன் துவட்டுவதை நிறுத்தினான். நாலு மாதத்தில் தனக்கு என்ன செய்கிறது என்று அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.